மெதெயினிலிருந்து ஒரு நாள் வெளியே: குவாத்தபே, சாந்தா ஃபே, ஹர்தீன், ஆர்வி – யாருக்கு எது?

கொலம்பியாவின் மெதெயினுக்கு டிக்கெட் போட்டவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். ஊரைச் சுற்றிப் பார்க்க இரண்டு மூன்று நாள் ஒதுக்கியாயிற்று. மிச்சமிருக்கும் ஒரு நாளில், கிடைத்தால் இரண்டு நாளில், வெளியே எங்கே போவது? கேட்டவுடன் வரும் பதில் குவாத்தபே. பாறை, ஏரி, வண்ணச் சுவர்கள் என்று அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வேறு ஊரை யோசிப்பது கஷ்டம்தான். குவாத்தபே நல்ல பதில். ஆனால் முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவை அழைத்து வருபவருக்கும், பறவை என்றால் விடியற்காலையில் எழுந்து ஓடுபவருக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையில் இருப்பவருக்கும் அதே பதிலைச் சொல்லக் கூடாது.

மெதெயின் இருப்பது அபுர்ரா பள்ளத்தாக்கில். ஆண்டீஸ் மலைத்தொடரின் நடுக்கிளைக்குள் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் குறுகலான பள்ளம் அது. நகரம் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கிருந்து கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் முதலில் மலைச் சுவரைத் தாண்டியாக வேண்டும். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஆறு டிகிரியில் இருப்பதால் கோடை, குளிர் என்று பருவம் பிரிவதில்லை. வெயிலா குளிரா என்பதை முடிவு செய்வது உயரம்தான்: ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ ஆறு டிகிரி கூடும், ஏறினால் அதே அளவு குறையும். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே உயரத்தையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். என்ன உடுத்துவது, எவ்வளவு நடக்க முடியும், பஸ்ஸில் வயிறு புரட்டுமா, தட்டில் என்ன வரும் என்பதெல்லாம் அதன் பின்னால் தானாக வருகிறது.

## எதை வைத்து அளப்பது

மணி நேரம். வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். ஹர்தீன் 130 கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்று தோன்றும். மலைச் சாலையில் மூன்றரை மணி நேரம் பிடிக்கும், மழை பெய்து மண் சரிந்தால் அதற்கும் மேல். இன்னொன்று, இங்கே வருடம் முழுவதும் மாலை ஆறு, ஆறரைக்குள் இருட்டிவிடும். "நீண்ட கோடை மாலை" என்று ஐரோப்பாவில் பழகியவர்கள் இதை மறந்துபோகிறார்கள். ஒரு நாள் பயணத்துக்கு உங்களிடம் இருப்பது பன்னிரண்டு மணி நேரப் பகல், அவ்வளவே.

உடம்பு. படிக்கட்டு, வெயில், வளைவுச் சாலை – இந்த மூன்றில் உங்கள் குழுவில் யாருக்கு எது ஆகாது என்று முதலில் கேளுங்கள். ஒருவருக்கு ஆகாதது போதும், எல்லோருடைய நாளும் கெட.

கிழமை. கொலம்பியாவில் வருடத்துக்கு 18 பொது விடுமுறைகள். அவற்றில் பலவற்றை 1983இல் வந்த சட்டம் ஒன்று திங்கட்கிழமைக்கு நகர்த்திவிட்டது. ஆகவே மூன்று நாள் வார இறுதிகள் அடிக்கடி வரும். அந்த நாட்களில் மெதெயின் குடும்பங்கள் எல்லாம் இதே ஊர்களுக்குத்தான் கிளம்புகின்றன. பயணத் தேதியை முடிவு செய்யும் முன் கொலம்பிய விடுமுறைப் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடுவது, ஹோட்டல் விமர்சனம் நூறு படிப்பதைவிடப் பயனுள்ள வேலை.

சாப்பாடு. சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இது தனிக் கணக்கு. கீழே அந்தந்த ஊரோடு சொல்கிறேன்.

| | குவாத்தபே | சாந்தா ஃபே தெ அந்தியோக்கியா | ஹர்தீன் | ஆர்வி, சாந்தா எலேனா |
|---|---|---|---|---|
| உயரம் (சுமார்) | 1,900 மீ | 550 மீ | 1,750 மீ | 2,200–2,600 மீ |
| வெயில் | இதம், காற்று | கடும் வெக்கை | இதம், மழை அதிகம் | குளிர் |
| ஒரு வழி நேரம் | 2 மணி | 1½ மணி | 3½ மணி | 1 மணி |
| எங்கே ஏறுவது | வடக்கு பஸ் நிலையம் | வடக்கு பஸ் நிலையம் | தெற்கு பஸ் நிலையம் | மெட்ரோ, கேபிள் கார் |
| உடலுக்கு வேலை | 700க்கும் மேற்பட்ட படி | வெயிலில் நடை | சேறு, ஏற்ற இறக்கம் | விருப்பப்படி |
| ஒரே நாளில் | தாராளமாக | தாராளமாக | வேண்டாம் | அரை நாளே போதும் |
| தெரியாமல் கூடும் செலவு | பாறை, படகு, மோட்டோடாக்ஸி தனித்தனி | நீச்சல் குளத்துக்கு நாள் கட்டணம் | தங்கும் அறை, ஜீப், குதிரை | கேபிள் காருக்குத் தனிக் கட்டணம் |

## குவாத்தபே: முதல் தடவை வருபவருக்கு, வார நாளில்

இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று பாறை, இன்னொன்று ஊர். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர் தூரம்.

பாறை ஏறத்தாழ 200 மீட்டருக்கு நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக் கல். அதன் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை நீளமாக ஒரு வெடிப்பு. 1954இல் உள்ளூர் நண்பர்கள் மூன்று பேர் அந்த வெடிப்பில் கட்டைகளைச் செருகிச் செருகி ஐந்து நாளில் உச்சியைத் தொட்டார்கள். இன்று அதே வெடிப்புக்குள்தான் சிமெண்டுப் படிகள் மடிந்து மடிந்து ஏறுகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் பாறையைத் தைத்துப் போட்ட நூல் மாதிரி தெரியும். பாறையின் முகத்தில் பெரிய வெள்ளை எழுத்தாக ‘ஜி’யும் அதன் பக்கத்தில் ஒற்றைக் கோடும் இருக்கின்றன. குவாத்தபே ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரை எழுதத் தொடங்க, பாறை எங்களுடையது என்று பக்கத்து ஊரான எல் பெஞ்ஞோல் தடுத்து நிறுத்தியதன் மிச்சம் அது.

மேலே ஏறினால் தெரிவது நூற்றுக்கணக்கான விரல்களாகப் பிரிந்து கிடக்கும் தண்ணீர். அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது இயற்கை ஏரி அல்ல என்பதைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். 1970களில் நீர்மின் திட்டத்துக்காகக் கட்டிய அணையின் நீர்த்தேக்கம் அது. தீவுகளாகத் தெரிபவை பழைய குன்றுகளின் தலைகள். பழைய எல் பெஞ்ஞோல் ஊர் 1978இல் முழுவதும் மூழ்கியது. மக்களைப் புது ஊர் கட்டிக் குடியேற்றினார்கள். பழைய ஊர் இருந்த இடத்தில் தண்ணீருக்கு மேலே ஒரு சிலுவை நிற்கிறது. படகுகள் அதைச் சுற்றிக் காட்டிவிட்டு வரும். பாட்டுச் சத்தம் அலறும் அந்தப் படகில் போகும்போது, கீழே ஒரு ஊரின் தெருக்கள் கிடக்கின்றன என்ற நினைப்பு கொஞ்சமாவது இருக்கட்டும்.

குவாத்தபே ஊருக்குள் வீடுகளின் சுவர்களில் இடுப்பு உயரம் வரை புடைப்புச் சித்திரங்கள். பேக்கரி வாசலில் ரொட்டி, விவசாயி வீட்டில் ஆடு, பஸ்காரர் வீட்டில் பஸ் என்று அந்த வீட்டின் தொழிலையோ பிரியத்தையோ சிமெண்டில் வார்த்து வண்ணம் அடித்திருப்பார்கள். பெரிய சதுக்கத்தைவிடப் பின் தெருக்களில் நடப்பது நல்லது. அங்கே புதிதாக வண்ணம் அடிக்காத, வெளுத்துப்போன பழைய சித்திரங்கள் கிடைக்கும்.

வரிசை முக்கியம். மெட்ரோவில் கரீபே நிலையத்தில் இறங்கினால் நடைமேம்பாலம் வழியாகவே வடக்கு பஸ் நிலையம் போய்விடலாம். காலை முதல் பஸ்களில் ஒன்றைப் பிடித்து, ஓட்டுநரிடம் "லா பியெத்ரா" என்று சொல்லி வைத்துப் பாறையருகே முதலில் இறங்குங்கள். ஒன்பது மணிக்குள் ஏறிவிட்டால் படியில் வரிசை இருக்காது. சுற்றுலாக் குழுக்களின் பஸ்கள் வழியில் அங்கங்கே நிறுத்திவிட்டுப் பாறைக்கு வந்து சேரும்போது நடுப்பகல் ஆகிவிடும். அப்போது முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் ஏற வேண்டும். இறங்கியதும் மோட்டோடாக்ஸி பிடித்து ஊருக்குப் போகலாம். பல வண்டிகள் நம் பஜாஜ் ஆட்டோக்களே, ஊரின் வண்ணங்களை அடித்துக்கொண்டு நிற்கும். ஊருக்குள் போனதும் முதல் வேலையாகத் திரும்பும் பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கிவிடுங்கள். ஞாயிறு மாலையில் அந்த ஜன்னலுக்கு முன் வரிசை தெருவரை நீளும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மெதெயினின் சர்வதேச விமான நிலையம் பள்ளத்தாக்குக்குள் இல்லை. கிழக்கு மலைச் சுவருக்கு அப்பால், ரியோநெக்ரோ என்ற ஊரின் மேட்டுநிலத்தில் இருக்கிறது. குவாத்தபேயும் அதே பக்கம்தான். காலையில் விமானம் இறங்கினால் நகரத்துக்குள் போய்விட்டு மறுநாள் மறுபடி மலை ஏறுவதைவிட, நேராகக் குவாத்தபே போய் ஒரு இரவு தங்குவது புத்திசாலித்தனம். ஒரு நாள் பயணிகளின் பஸ்கள் கிளம்பிப் போன பிறகு, மாலையில் ஊர் வேறு ஊராகிவிடும்.

படகில் ஏறுவதாக இருந்தால் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். 2017 ஜூனில் இந்த நீர்த்தேக்கத்தில் ஒரு சுற்றுலாப் படகு மூழ்கி உயிர்கள் போயின.

முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் பாறையைக் கீழிருந்து பார்த்துவிட்டு ஊருக்குள் போகலாம். அப்படிச் செய்பவருக்கு நாளின் பாதிதான் கிடைக்கும் என்பதால், அவருக்குக் கீழே சொல்லும் ஆர்வியே மேல்.

## சாந்தா ஃபே தெ அந்தியோக்கியா: வரலாறு வேண்டுபவருக்கு, வெயில் தாங்குபவருக்கு

குவாத்தபேக்குப் போகும் பஸ் மலை ஏறுகிறது. சாந்தா ஃபேக்குப் போகும் பஸ் மலையைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. 2006இல் திறந்த 4.6 கிலோமீட்டர் சுரங்கப்பாதை மேற்கு மலைச் சுவருக்கு அடியில் போகிறது. அதைத் தாண்டியதும் சாலை கவுக்கா ஆற்றுப் பள்ளத்தை நோக்கிச் சரசரவென்று இறங்கும். காது அடைக்கும், ஜன்னல் வழியாக வரும் காற்று சூடாகும். ஊரில் இறங்கும்போது பகல் வெப்பம் 32, 33 டிகிரி இருப்பது சாதாரணம். சென்னையிலிருந்து வருபவர் "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தியோக்கியா என்ற இந்த மாகாணத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது. 1541இல் ஹோர்ஹே ரொப்லேதோ என்ற ஸ்பானியத் தளபதி நிறுவிய ஊர். 1813இல் அந்தியோக்கியாவின் சுதந்திரத்தை அறிவித்த ஊர். 1826 வரை மாகாணத் தலைநகரம். பிறகு அந்த இடம் மெதெயினுக்குப் போய்விட்டது. பணமும் ஆலைகளும் அங்கே போனதால் இங்கே பழையதை இடித்துப் புதிது கட்ட யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை. வெள்ளைச் சுவர், கனத்த மரக் கதவு, கம்பிக்குப் பதில் கடைந்த மரம் வைத்த ஜன்னல், உள்ளே மரம் நிற்கும் முற்றம் என்று தெருத் தெருவாக அப்படியே நிற்கிறது. மெதெயினில் இப்படி ஒரு தெருவைக்கூடப் பார்க்க முடியாது.

ஊருக்கு வெளியே சில கிலோமீட்டரில் மேற்குப் பாலம் இருக்கிறது. கவுக்கா ஆற்றின் மேல் 291 மீட்டர் நீளத் தொங்கு பாலம். ஹோசே மரியா வியா என்ற அந்தியோக்கியப் பொறியாளர் 1887இல் தொடங்கி 1895இல் முடித்தது. இரும்புக் கம்பிவடங்கள், கூம்பு வடிவ மரக் கோபுரங்கள், மரப் பலகைத் தளம். நடுவில் நின்றால் பலகை இடுக்கு வழியாகக் காப்பி நிற ஆறு ஓடுவது தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது இப்பகுதியின் மிகப் பெரிய பொறியியல் துணிச்சல். போக மோட்டோடாக்ஸி பேசிக்கொள்ளலாம். காத்திருந்து திரும்பக் கூட்டி வரவும் சேர்த்துப் பேசுங்கள். அங்கே நின்றுகொண்டு வேறு வண்டி தேட முடியாது, நிழலும் கிடையாது.

சதுக்கத்தில் வரிசையாக விற்பது புளி. கவுக்கா கரையின் வெக்கைக்குப் புளியமரம் நன்றாக வளர்கிறது. இங்கே அது குழம்புக்குப் போவதில்லை. சர்க்கரை சேர்த்துப் பிசைந்து உருண்டையாக்கி மிட்டாயாக விற்கிறார்கள், ஜூஸும் போடுகிறார்கள். ஊருக்கு வாங்கிப் போக இதைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை, கெட்டும் போகாது.

பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை தெருவில் நடக்க முடியாது. உள்ளூர்க்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை முன்னமே முடிவு செய்ய வேண்டும். ஹோட்டல்கள் பல, தங்காதவர்களுக்கும் நீச்சல் குளம், மதியச் சாப்பாடு சேர்த்து ‘பசதீயா’ என்று ஒரு நாள் கட்டணம் வாங்கிக்கொண்டு இடம் தருகின்றன. குழந்தைகளோடு வருபவர்களுக்கு இந்த ஊரின் சிறந்த பகுதியே இதுவாக இருக்கலாம். கட்டணம் கொடுக்காமல் வெயிலோடு மல்லுக்கட்டினால் பாலமும் பிடிக்காது, தேவாலயமும் பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். மெதெயின்காரர்கள் வெயில் காயவும் குளிக்கவும் வருவது இந்தப் பக்கம்தான். மாலையில் எல்லோரும் அந்த ஒரே சுரங்கப்பாதைக்குள் ஒன்றாக நுழைவார்கள். ஒன்றரை மணி நேரம் இரண்டு மடங்காகும்.

## ஹர்தீன்: இரண்டு இரவு கொடுக்க முடிந்தவருக்கு

என்னைக் கேட்டால் நான்கில் நான் மறுபடி மறுபடி போக விரும்புவது ஹர்தீனுக்குத்தான். ஆனாலும், ஒரே நாளில் போய் வரலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காரணம் ஒரு பறவை. ஆண்டீஸ் பாறைச் சேவல் என்ற அந்தப் பறவையின் ஆண், தலை முதல் மார்பு வரை ரத்தச் சிவப்பு. இறக்கையில் கறுப்பும் சாம்பலும். தலையில் விசிறி போன்ற கொண்டை அலகையே மூடியிருக்கும். உலகத்தில் பல இடங்களில் இதைப் பார்க்க நடுக்காட்டுக்குள் இருட்டில் நடக்க வேண்டும். ஹர்தீனில் சதுக்கத்திலிருந்து பத்து நிமிட நடையில், ஓடைக்கரைச் சரிவில் ஒரு தனியார் காப்பகம் இருக்கிறது. மாலை நான்கு மணி வாக்கில் ஆண் பறவைகள் ஒவ்வொன்றாக வந்து தங்கள் கிளையில் அமரும். முதலில் ஒன்று தொண்டையைச் செருமுவது போல் கரகரக்கும். அடுத்தது பதில் சொல்லும். கொஞ்ச நேரத்தில் சரிவு முழுக்கக் கூச்சல். குனிந்து, நிமிர்ந்து, இறக்கையை விரித்துக் குதிக்கும். பழுப்பு நிறப் பெண் பறவை ஒன்று வந்து உட்கார்ந்தால் போதும், ஆட்டம் இரண்டு மடங்காகும். நீங்கள் நிற்பது சில மீட்டர் தள்ளி. பைனாகுலரே தேவையில்லை.

ஒரு நாள் பயணத்தில் வந்தவர் சரியாக அந்த நேரத்தில்தான் திரும்பும் பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருக்கும். போக வர ஏழு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டு, ஊரின் உயிரான நேரத்தைப் பார்க்காமல் போவதில் என்ன லாபம்?

1863இல் தொடங்கிய ஊர் இது. 1985இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சதுக்கத்தைச் சுற்றி மாடி வீடுகள், வண்ணம் தீட்டிய மர நாற்காலிகள், ரோஜாச் செடிகள். ஒரு பக்கம் முழுவதையும் கருங்கல் தேவாலயம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. கோதிக் பாணி, கையால் செதுக்கிய கற்கள். பாவமன்னிப்புக் கேட்டு வந்தவர்களிடம் பாவத்தின் அளவுக்குத் தக்கபடி கல் சுமந்து வரச் சொல்லி அந்தக் காலத்துப் பாதிரியார் கட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். சனிக்கிழமை மாலையில் தோட்டத்து ஆட்கள் குதிரையிலேயே சதுக்கத்துக்கு வருவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பாலில்லாத சின்னக் காப்பி ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சும்மா இருக்கலாம். யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள்.

சுற்றியுள்ள சரிவுகள் எல்லாம் காப்பியும் வாழையும். இந்தப் பகுதியில் முக்கிய அறுவடை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அப்போது வந்தால் தோட்டத்தில் பழம் பறிப்பதிலிருந்து காயவைப்பது வரை நேரில் பார்க்கலாம். பள்ளத்துக்கு மறுபுறம் போக, விவசாயிகள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட ‘கர்ருச்சா’ என்ற மரப்பெட்டிக் கேபிள் கார் இருக்கிறது. கூரையில் ஓட்டை விழுந்து அதன் வழியே அருவி கொட்டும் குகை ஒன்றும் உண்டு. அதற்கு ஜீப், பிறகு குதிரை அல்லது நடை, கணுக்கால் வரை சேறு, ஏறக்குறைய முழு நாள். மேலே மலையில் மெழுகுப் பனை நிற்கும் காட்டில் மஞ்சள் காதுக் கிளி. அழிந்தே போய்விட்டதாக ஒரு காலத்தில் கருதப்பட்ட இனம் அது. பறவைக்காக வருபவர்களுக்கு வழிகாட்டியோடு அதிகாலையில் ஜீப்பில் போக ஒரு நாள் தனியாக வேண்டும்.

இவை எல்லாமே கூடுதல் செலவு. அறை வாடகை குவாத்தபேயைவிட அதிகம் இல்லை. ஆனால் ஜீப், குதிரை, வழிகாட்டி என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது தொகை ஏறிவிடும். இரண்டு மூன்று பேராகப் பகிர்ந்துகொண்டால் தாங்கும். தனியாக வருபவர் பறவைக் காப்பகம், சதுக்கம், ஊரைச் சுற்றியுள்ள நடைபாதைகள் என்று வைத்துக்கொண்டால் பெரிய செலவில்லாமல் இரண்டு நாள் போகும்.

சாலை பற்றி ஒரு எச்சரிக்கை. தெற்கு பஸ் நிலையத்திலிருந்து கிளம்பும் வண்டி முதலில் கவுக்கா பள்ளத்துக்கு இறங்கி, மறுபடி ஏறும். வளைவு ஆகாதவர்கள் முன் இருக்கை கேட்டு வாங்குங்கள். மார்ச்–மே, செப்டம்பர்–நவம்பர் மழை மாதங்களில் இந்த வழியில் மண்சரிவு சகஜம். ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளை ஹர்தீனில் வைக்காதீர்கள்.

இங்கிருந்து மெதெயினுக்குத் திரும்பாமல் தெற்கே காப்பி மாவட்டங்களுக்குப் போக நினைப்பவர்களுக்கு ரியோசூசியோ வரை மண்சாலையில் வண்டி உண்டு. இடுப்பு நோகும், காட்சி பிரமாதம். அப்படிப் பயணத்தைத் தொடர்பவர்களுக்கு மற்ற மூன்று ஊர்களும் போட்டியிலேயே இல்லை.

## ஆர்வியும் சாந்தா எலேனாவும்: பஸ்ஸே வேண்டாம் என்பவருக்கு

வயதானவர்களோடு வருபவர்கள், அரை நாள்தான் இருக்கிறது என்பவர்கள், மலைச் சாலை என்றாலே பயப்படுபவர்கள் – இவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ஆர்வி.

மெதெயின் மெட்ரோ 1995இல் ஓடத் தொடங்கியது. 2004இல் அதோடு கேபிள் கார் ஒன்றை இணைத்தார்கள். சுற்றுலாவுக்காகக் கட்டியதல்ல, மலைச்சரிவில் ஏறிக்கொண்டே போன ஏழைக் குடியிருப்புகளுக்கு வேலைக்குப் போய் வர வழி வேண்டும் என்று கட்டியது. அசெவேதோ நிலையத்தில் மாறி, வீட்டுக் கூரைகளுக்கு மேலே மிதந்தபடி சாந்தோ தொமிங்கோ வரை போகலாம். அங்கே இன்னொரு கேபிள் காருக்கு மாறினால், கடைசி வீடு மறைந்ததும் காடு தொடங்கும். கால் மணி நேரம் மரங்களின் உச்சிக்கு மேலே அமைதியான பயணம், பிறகு ஆர்வி பூங்கா. இந்த இரண்டாவது கம்பிக்குச் சாதாரண மெட்ரோ கட்டணம் செல்லாது. தனியாக, கூடுதலாக வாங்குவார்கள். திங்கட்கிழமை பராமரிப்பு விடுமுறை.

மேலே நகரத்தைவிட ஆறேழு டிகிரி குறைவு. மெதெயினில் அரைக்கைச் சட்டையோடு ஏறி இங்கே நடுங்குபவர்களைப் பார்க்கலாம். மேற்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலுள்ள சாந்தா எலேனா பூ விவசாயிகளின் ஊர். ஆகஸ்டில் நடக்கும் பூத் திருவிழாவில், பூக்களால் அலங்கரித்த பெரிய மரச் சட்டங்களை முதுகில் சுமந்து ஊர்வலம் போகிறவர்கள் இவர்கள்தான். 1957இல் தொடங்கிய ஊர்வலம். சில சட்டங்களின் எடை 70 கிலோவுக்கும் மேல். திருவிழா இல்லாத மாதங்களிலும் சில குடும்பங்கள் தங்கள் தோட்டத்தைத் திறந்து வைத்து, சட்டம் எப்படிக் கட்டுவது, நெற்றிப்பட்டை எப்படி எடையைத் தாங்குகிறது என்று காட்டுகிறார்கள். பாட்டி தாத்தாவோடு ஒரு மதியம் கழிக்க இதைவிட நல்ல இடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எனக்குத் தெரியாது.

## எங்கேயும் போகாமல் இருப்பது

மொத்தமே மூன்று நாள் என்றால், வெளியே போக வேண்டியதில்லை. சிற்பி போத்தேரோவின் 23 வெண்கலச் சிலைகள் நிற்கும் சதுக்கம், அதை ஒட்டிய அந்தியோக்கியா அருங்காட்சியகம், ஆர்க்கிட் பந்தலுள்ள தாவரவியல் பூங்கா, 2011இல் நகரும் படிக்கட்டு போட்ட 13ஆம் வட்டாரம், அங்கே சுவர் சுவராக எழுதி வைத்திருக்கும் வன்முறைக் காலத்து நினைவுகள் – இவற்றுக்கே இரண்டு முழு நாள் வேண்டும். அவசரமாக வெளியூர் ஓடி இதைத் தவறவிடுவது நஷ்டம். அப்படிப்பட்டவர்களுக்கும் கடைசி அரை நாளில் கேபிள் கார் ஏற நேரம் இருக்கும்.

## எந்த ஊர் போனாலும்

சைவர்களுக்கு: இந்தப் பகுதியின் பிரசித்தமான தட்டில் சோறு, பீன்ஸ், வாழைப்பழ வறுவல், அவகாடோவோடு மூன்று வகை இறைச்சியும் வரும். ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி வேண்டாம், என்று மட்டும் சொன்னால் கோழியை வைத்துவிடுவார்கள். ‘நி போஜோ, நி பெஸ்காதோ’, கோழியும் வேண்டாம் மீனும் வேண்டாம், என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பீன்ஸில் பன்றித் தோல் போட்டு வேகவைப்பது வழக்கம், அதையும் கேளுங்கள். குவாத்தபேயிலும் ஹர்தீனிலும் ஏரி மீன், ஓடை மீன்தான் பிரதானம். ஆனால் வெளிநாட்டார் அதிகம் வருவதால் சைவம் சமைக்கும் சின்ன உணவகங்கள் இரண்டிலும் உண்டு. சாந்தா ஃபேயில்தான் கஷ்டம். சோளத்தைப் பாலில் கலந்து வெல்லத்தோடு தரும் மசமோர்ரா எங்கும் கிடைக்கும், வயிறும் நிறையும்.

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு: மஞ்சள் காய்ச்சல் பரவக்கூடிய நாடுகளின் பட்டியலில் கொலம்பியா இருக்கிறது. ஊர் திரும்பும்போது தடுப்பூசிச் சான்றிதழ் இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்திவிட முடியும். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அனுமதி பெற்ற மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் ஆய்வகம் அவற்றில் ஒன்று. அறுபது வயதைத் தாண்டியவர்கள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும், ஏனென்றால் இது உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்த ஊசி. அம்மா அப்பாவை அழைத்து வரத் திட்டமிடுகிறவர்கள் குவாத்தபேயா ஆர்வியா என்று யோசிக்கும் முன் இந்த ஒரு விஷயத்தை முடித்துவிடுங்கள். விமான டிக்கெட்டுக்கும் முன்பாக.